காசியில் விட்ட பலா

நாலு மணிக்குக் கூப்பிடுறேன், அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாம்மா, நீ சொல்லலன்னா நானே டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுவேன்னு சொல்லிட்டு பரணி போனை வச்சுட்டான். பெத்த பிள்ளை எனக்குக் கெடு வைக்கிறான். இப்ப மணி மூணு தாண்டி அஞ்சு நிமிஷம். நாளைக்குச் சாயங்காலம் சென்ட்ரல்ல ரயில், காசிக்கு, நான் ஒருத்தி மட்டும். கல்யாணமான நாள்லேருந்து திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனைத் தாண்டி தனியா ஒரு இடத்துக்குப் போகாத அம்சவேணி, அறுபத்தோரு வயசுல ஆசைப்பட்டு டிக்கெட் போடச் சொன்னா, கங்கைக்கும் இப்பதான் பொங்கணும்னு தோணுது. பொங்கட்டுமே. கடலூர்க்காரிகிட்ட வெள்ளத்தைக் காட்டிப் பயமுறுத்துறதா? மடியில முறத்தை வச்சு முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கேன். இது ஒரு நல்ல வேலை, கை தானா போகும், புத்தி அதும்பாட்டுக்கு எங்கயாவது மேயும். காம்பைத் தள்ளு, பழுப்பைத் தள்ளு. போறேன், போகல. அட சீ, நான் என்ன கீரை வச்சு ஜோசியமா பாக்குறேன்? எதிர்ல சாப்பாட்டு மேசையில அந்த டப்பா. பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு போன்லயே அனுப்பிட்டான், மத்தியானம் ஒரு பையன் பெல் அடிச்சுக் குடுத்துட்டுப் போனான். ஒரு டப்பா பலாச்சுளை. ஆவணி மாசத்துல, கடைசிக் காய்ப்பு, எங்க தேடிப் பிடிச்சானோ. மூடி இறுக்கமாத்தான் இருக்கு, ஆனா பலாவுக்கு மூடி ஏது, வீடு முழுக்க அதான் வாசனை. பிரிட்ஜுல வச்சா பாலும் பலா, தயிரும் பலா ஆயிடும். அதனால மேசை மேலயே கெடக்கு. கெடக்கட்டும்.

முப்பத்தி மூணு வருஷமா அது என் நாக்குல பட்டதில்ல. பண்ருட்டியில பொறந்தவ. எங்கப்பா தோப்புல பதினோரு மரம், சித்திரை பொறந்தா எங்க வீட்டுல சோறு ரெண்டாம் பட்சம். அப்பா எண்ணெய் தடவின கையால பிளந்து போடுவாரு, நான் கீழ உக்காந்து எடுத்து எடுத்துத் தின்பேன், வயிறு வலிக்கும்டின்னு அம்மா கத்தும். வலிச்சதே இல்ல. காசிக்குப் போனா பிடிச்சது ஒண்ணை விட்டுட்டு வரணும், ஒரு காய், ஒரு பழம், அப்புறம் ஆயுசுக்கும் தொடக் கூடாது. கயாவுலதான் விடணும்னு சிலர் சொல்றாங்க, எங்களுக்குக் காசிப் படித்துறையில நின்ன புரோகிதரு அங்கயே விடச் சொன்னாரு. பங்குனி மாசம். என் மாமியாருக்குக் காசி பாக்கணும்னு ஆசை, அவரு கூட்டிட்டுப் போனாரு, நானும் போனேன், மூணு வயசுப் பரணியை பண்ருட்டியில எங்கம்மாகிட்ட விட்டுட்டு. படியிறங்கி இறங்கி கால் ஓய்ஞ்சு போச்சு, அவ்வளவு கீழ இருந்துச்சு தண்ணி. முழங்கால் தண்ணியில மூணு பேரும் நின்னோம். மாமியார் ராஜாம்பா விட்டது பாகற்காய். அவங்க ஜென்மத்துல பாகற்காயை வாயில வச்சதில்ல! எல்லாரும் பண்ற திருட்டுத்தனம்தான், பிடிக்காததை விட்டுட்டுப் புண்ணியத்தை மட்டும் வாங்கிட்டு வர்றது. என் வீட்டுக்காரரு தணிகாசலம் பெரிய மகான் மாதிரி, நான் கோபத்தை விடறேன்னாரு. புரோகிதரே பாராட்டினாரு. மொகல்சராய் ஸ்டேஷன்ல டீ ஆறிப் போச்சுன்னு அந்த டீக்காரனை அவரு போட்ட சத்தத்துல நாலு பேரு கூடிட்டாங்க. கங்கையில விட்ட கோபம் ஒரு ஸ்டேஷன் கூடத் தாங்கல. அப்புறம் சாகிற வரைக்கும் அது அவருகிட்டயே பத்திரமா இருந்துச்சு. அவரை யாரும் கேக்கல, என்னப்பா விட்டதை எடுத்துக்கிட்டியேன்னு. என்னோடது மட்டும் அப்படியே நின்னு போச்சு. அம்சவேணி பலாவை விடட்டும்னு மாமியார் சொன்னாங்க, நான் வாயைத் திறக்கல, விட்டாச்சு. இதான் கதை. பரணிக்குச் சொல்லியிருக்கேன், என் தங்கச்சிக்கு, பக்கத்து வீட்டுக்கு, கல்யாண வீட்டுப் பந்தியில கேட்டவங்க எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். இதான் கதை.

டிவியில பாத்தியான்னு கேக்குறான். பாத்தேன்டா, கண்ணு அவிஞ்சா போச்சு? சந்துக்குள்ள படகு போகுது. கோயில் கோபுரத்து நுனி மட்டும் தண்ணிக்கு மேல நிக்குது. பொணத்தை மொட்டை மாடியில வச்சு எரிக்கிறாங்கம்மா, அங்க போயி என்ன பண்ணப் போறங்கிறான். ஒரு பெரியவரு ஜன்னல்ல உக்காந்து பல்லு விளக்குறாரு, கீழ ஆறு ஓடுது, அவரு பாட்டுக்குத் துப்புறாரு, அந்த ஆளைப் பாத்ததும் எனக்குப் பயம் பாதி போச்சு. மீதிப் பாதி இருக்குது, பொய் சொல்லக் கூடாது. இந்தி தெரியாது. ரயில்ல கக்கூஸ் போறப்ப பையை யாரு பாத்துக்குவா. வழுக்கினா பிடிக்க ஆளு இல்ல. தண்ணியில கால் வைக்கிற இடம் படியா பள்ளமான்னு தெரியாது, ஒரு அடி தப்பினா முடிஞ்சு போச்சு. முடிஞ்சா என்ன? உலகமே சாகறதுக்குக் காசிக்குப் போகுது, மோட்சம்னு வரிசையில நிக்குது, என் பிள்ளை மட்டும் எங்கம்மா அங்க செத்துடுவாளோன்னு பயப்படுறான். சிரிப்பு வருது. ஆனா எனக்குச் சாகவும் பிடிக்கல, அதான் விஷயம். எனக்கு அங்க போயி அந்தத் தண்ணிகிட்ட நேரா நின்னு, இந்தாம்மா, நான் குடுத்ததைத் திருப்பிக் குடுன்னு கேக்கணும். கேட்டுட்டு ஊருக்கு வந்து, அடுத்த சித்திரையில கையில எண்ணெய் தடவிக்கிட்டு ஒரு முழுப் பழத்தை நானே பிளக்கணும். இதைச் சொன்னா பைத்தியம்பாங்க. பரணிகிட்ட சொன்னேன், சிரிச்சான், அப்புறம்தான் டிக்கெட் போட்டான்.

காலையில, காசியில நான் தங்கப் போற சத்திரத்துக்கு நானே போன் போட்டேன். மேனேஜர் பேரு மார்க்கபந்து, வேலூர்ப் பக்கம், போயி நாப்பது வருஷமாச்சாம், தமிழு பேசுறாரு, நடுநடுவுல அச்சா அச்சாங்கிறாரு. அம்மா, கீழ்க்கட்டு முழுக்கத் தண்ணி, மேல் மாடியில சமையல் நடக்குது, வரவங்களை வராதேன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சௌகரியத்தை எதிர்பாக்காதீங்கன்னாரு. எனக்கு அந்த மனுஷனை அப்பவே பிடிச்சுப் போச்சு. நான் கேட்டேன், சார், படியில எறங்கிக் குளிக்க முடியுமா. படியா, எந்தப் படிம்மா, எல்லாம் உள்ள இருக்கு, கங்கை தெருவுக்கே வந்துட்டா, நம்ம சந்து முனையில நின்னா உங்க காலு நனையும்னாரு. அதைக் கேட்டதுலேருந்து எனக்கு உள்ள ஏதோ கும்மாளம். டாக்டர் போன வாரம்தானே சொன்னாரு, முட்டி ரெண்டும் தேய்ஞ்சு போச்சு, அடுத்த மாசம் ஆபரேஷன், அதுவரைக்கும் படி ஏறாதீங்க, எறங்காதீங்கன்னு. எண்பது படி எறங்க முடியாதேன்னு நான் உள்ளுக்குள்ள மறுகிக்கிட்டு இருந்தேன், அவ ஏறி வந்துட்டா. எனக்காகவா வந்தா? ச்சே, என்ன புத்தி இது. அங்க எத்தனை அடுப்பு அணைஞ்சிருக்கும். இருந்தாலும் அந்த நெனப்பு வருது, வந்ததை இல்லைன்னு சொல்ல முடியாது. இன்னொண்ணும் கேட்டேன் அவரை. சார், காசியில விட்டதைத் திரும்ப வாங்கிக்க ஏதாவது முறை இருக்கா? சிரிச்சாரு. விட வரவங்களைத்தான் பாத்திருக்கேன், இதுவரைக்கும் திருப்பிக் கேட்டு யாரும் வந்ததில்லம்மான்னாரு. அப்ப நான்தான் முதல் ஆளுன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

ஆனா பரணி ஒண்ணு சொன்னான், அது மட்டும் முள்ளா நிக்குது. ஜனங்க வீடு வாசல் இல்லாம தவிக்கிறப்போ விருந்தாளி மாதிரி போயி நிக்கலாமா, நம்ம வீட்டுல தண்ணி வந்தப்ப நீ என்ன சொன்னேன்னு கேட்டான். சரியான இடத்துல குத்துறான், என் பிள்ளைதானே. கெடிலம் ஆறு கரையை ஒடைச்சுக்கிட்டு வந்த வருஷம் எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. மூணாம் நாள் வடிஞ்சுது, வீடு பூரா சேறு, அரிசி டின்னுக்குள்ள தவளை. அப்ப என் நாத்தனார் குடும்பத்தோட கார்ல வந்து எறங்கினா, ஐயோ அண்ணி ஐயோ அண்ணின்னா, செவத்துல தண்ணி நின்ன கோட்டைக் காட்டி அவ பொண்ணு போட்டோ பிடிச்சா, அப்புறம் மெதுவா, ஒரு காபி கெடைக்குமா அண்ணின்னா. காய்ஞ்ச விறகு ஒண்ணு கெடையாது எனக்கு. அன்னிக்குச் சொன்னேன், வெள்ளம் வந்த வீட்டுக்கு வேடிக்கை பாக்க வரவன் வெளங்க மாட்டான்னு. சொன்னேன், ஆமா. ஆனா அதே மத்தியானம் மீன்காரி அஞ்சலை வந்தாளே. அவ குப்பத்துலயும் தண்ணி, அவ வீடும் போச்சு, கையில வெளக்கமாத்தோட வந்து, தள்ளுக்கா அப்படின்னுட்டு சாயங்காலம் வரைக்கும் சேத்தை வழிச்சு வழிச்சு வெளியில தள்ளினா. அவளும் வந்தவதான். நான் யாரு மாதிரி போறேன்? மார்க்கபந்து சொன்னாரு, காய் நறுக்குற பொம்பளைங்க ரெண்டு பேரும் முகாம்ல இருக்காங்க, நானே நறுக்குறேன்னு. நின்னு செய்யற வேலைக்கு நான் ஆக மாட்டேன், உக்காந்து நறுக்கச் சொன்னா இந்த ஊருக்கே நறுக்குவேன். அரிவாள்மணையைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போறேன்னு வச்சுக்க. ரயில்ல பிடிப்பாங்களோ? பிடிச்சா பிடிக்கட்டும். ஏய் அம்சவேணி, நிறுத்து. நீ பழத்துக்காகப் போறவ. போற வழியில ஒரு புண்ணியத்தையும் முடிஞ்சுக்கலாம்னு பாக்குறியா? உன் மாமியார் பாகற்காயை விட்ட மாதிரிதான் இதுவும். சரி, இருக்கட்டும், நறுக்கினா அவருக்கு வேலை மிச்சம், என் மனசு சுத்தமா இல்லைன்னா வெண்டைக்காய் வேகாமலா போயிடும்.

மணி மூணரை. கீரை பாதி ஆச்சு. ஒரு எட்டுப் போயி டப்பாவைத் திறந்து பாத்தேன், பாத்தா என்ன, பாக்கக் கூடாதுன்னு யாரும் விடலையே. மஞ்சன்னா அப்படி ஒரு மஞ்சள். பன்னெண்டு சுளை, கொட்டை எடுத்தது. மூக்குக்குள்ள போன வாசனை நேரா தொண்டைக்கு எறங்கி வாயெல்லாம் தண்ணி. பரணி வக்கீல் மாதிரி பேசினான் மத்தியானம். அம்மா, நீ விடவே இல்லையேம்மா, பாட்டிதானே சொன்னா, உன் வாயால நீ சொல்லல, ஒருத்தருக்காக இன்னொருத்தர் விட்டா அது எப்படிச் செல்லும், உனக்குப் பலாதானே வேணும், இந்தா, வீட்டுலயே உக்காந்து சாப்பிடு, காசி எங்கயும் ஓடிப் போயிடாது, ஆபரேஷன் முடிஞ்சு பாக்கலாம்னான். ஓடாது, காசி ஓடாது. நான்தான் ஓட முடியாம போவேன். ஆபரேஷன் முடிஞ்சதும் இந்த வீட்டைப் பூட்டிட்டு என்னை பெங்களூர்ல பதினாலாவது மாடியில கொண்டு போயி வைக்கப் போறான், அங்கேருந்து கீழ எறங்கறதுக்கே மருமக ஆபீஸ் முடிஞ்சு வரணும். பாக்கலாம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்மா. பாக்கலாம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? அவனுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன் சின்னதுல, சைக்கிளு பாக்கலாம்டா, மெட்ராஸு பாக்கலாம்டான்னு. இப்ப போகலன்னா இனிமே கெடையாது. ஆனா அவன் சொல்றதும் நியாயம்தானே? மாமியார் சொன்னதுதான்னா அது என்னைக் கட்டாது. ஒரு சுளை எடுத்து வாயில போட்டா முடிஞ்சுது, வெள்ளமும் வேணாம் ரயிலும் வேணாம். கை கூடப் போச்சு. விரல் நுனியில அந்த வழவழப்பு. மாமியார் சொன்னாங்க, அம்சவேணி பலாவை விடட்டும்னு. எப்படிச் சொன்னாங்க? அவங்க எனக்கு எடது பக்கம் நின்னாங்க. இல்ல, மேல் படியில. மேல் படியில நின்னவங்க குரல் பின்னால இருந்துல்ல வரணும்? பலான்னு சொன்ன குரல் எங்கேருந்து வந்துச்சு? மூடியைப் போட்டுட்டு வந்து உக்காந்துட்டேன்.

கீரை, காம்பு, பழுப்பு. வேற எதையாவது நெனைக்கலாம். பால் பாக்கெட் நிறுத்தச் சொல்லணும், தண்ணி மோட்டாருக்கு மேல்வீட்டுல சொல்லணும். நெனைக்க முடியல. அன்னிக்குக் காலையில நாங்க சந்து வழியா நடந்து போறப்ப ஒரு கடையில பிஞ்சுப் பலாக்காய் அடுக்கி வச்சிருந்தான், வடக்கத்திக்காரன் அதைக் குழம்பு வைப்பானாம். நான் நின்னு பாத்தேன். அவ்வளவுதான், நின்னு பாத்தேன், இருபத்தெட்டு வயசு, ஊர் ஞாபகம். மாமியார் திரும்பிக் கூட வந்தவங்ககிட்ட, இவளுக்குப் பலான்னா போதும், புருஷனைக்கூட வித்துடுவான்னாங்க. மதுரைக்காரங்க ஒரு குடும்பம், சேலத்து அம்மா ஒண்ணு, எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. அவரு சிரிச்சதுதான். எனக்குக் காது மடல் எரிஞ்சுது. அந்த எரிச்சலோடதான் எண்பது படியும் எறங்கினேன். தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. மாமியார் பாகற்காயைச் சொன்னாங்க. எனக்குள்ள ஒண்ணு பல்லைக் கடிச்சுது, இரு உனக்குக் காட்டுறேன்னு. புரோகிதர் என் பக்கம் திரும்பி, நீங்க என்னம்மா விடறேள்னாரு. பலாப்பழம். சத்தமா, சேலத்து அம்மாவுக்கும் கேக்கற மாதிரி. சொன்னது யாரு? என் குரல். என் வாய். மாமியார் என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க. ஏய், வேணாம்டி, உனக்குப் பிடிச்சதுடி அது, வேற சொல்லு, புடலங்காய்னு சொல்லுடின்னாங்க. அவங்க கையில வளையல் என் தோல்ல அழுந்தினது இப்பவும் தெரியுது. நான் கையை உதறினேன். சொன்னது சொன்னதுதான்னேன். சொல்லியாச்சு, தீர்த்தம் விட்டாச்சும்மான்னாரு புரோகிதர். மாமியார் தலையில அடிச்சுக்கிட்டாங்க, ஈரக் கையால.

அப்போ யாரு கதை கட்டினது. நான்தான். ஊருக்கு வந்து ரெண்டு மாசம், பண்ருட்டிக்குப் போறேன், எங்கம்மா முதப் பழத்தை எனக்குன்னு வச்சிருந்து வெட்டுது. நான் வேணாங்கிறேன். ஏன்டின்னு கேட்டுது. காசியில விட்டாச்சுன்னேன். யாரு விடச் சொன்னதுன்னு கேட்டுது. அத்தைன்னுட்டேன். ஒரே வார்த்தை. வீம்புக்கு விட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. எங்கம்மா அந்தப் பொம்பளையைச் சபிச்ச சாபம் இருக்கே, தோப்பே கேட்டிருக்கும். அப்புறம் எப்படித் திருப்புறது? அது வீடு வீடா போச்சு, கடைசியா மாமியார் காதுக்கும் வந்துச்சு. வந்த அன்னிக்கு நான் சமையக்கட்டுல காத்துக்கிட்டு நிக்கறேன், இப்ப கேப்பாங்க, இப்ப கேப்பாங்கன்னு. கேக்கல. பரணிக்கு ஏழு வயசுல, பள்ளிக்கூடத்துப் பையில எனக்குன்னு ரெண்டு சுளையை ஒளிச்சு எடுத்துட்டு வந்தான், நோட்டெல்லாம் பிசுபிசுன்னு. நான் சாப்பிட மாட்டேன்டா கண்ணுன்னு அழுதேன். அவன் ஓடிப் போயி அவங்களை ரெண்டு கையாலயும் தள்ளி, நீ கெட்டவ, எங்கம்மா பழத்தைப் புடுங்கிட்டேன்னான். அவங்க அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க. பிள்ளையைப் பாக்கல, என்னை. ஆமாண்டா, கெட்டவதான், வந்து சோறு சாப்பிடுன்னாங்க. அந்த வருஷமே ஒருநாள் ஒரு தட்டுல நாலு சுளையைக் கொண்டு வந்து என் முன்னால வச்சு, தின்னுடி, கங்கை என்ன கடலூருக்கு வந்தா பாக்கப் போறான்னாங்க. நான் தட்டைத் தள்ளி வச்சேன். ஐயோ, தள்ளி வச்சேனே! பரணி வளந்து வேலைக்குப் போயும் அவங்ககிட்ட ஒட்டல. அவங்க படுக்கையில கெடந்த மூணு மாசமும் வருவான், வாசல்ல நின்னு, எப்படி இருக்காங்கன்னு என்கிட்ட கேப்பான், உள்ள போக மாட்டான். பரணி வந்தானான்னு அவங்க கேப்பாங்க. வந்தான் அத்தை, நீங்க தூங்கிட்டு இருந்தீங்கம்பேன். அப்பவாவது சொன்னேனா? சொல்லலியே. பாவி.

முறத்துல இனி உருவ ஒண்ணுமில்ல. வெறும் காம்பைக் கிள்ளிக்கிட்டு இருக்கேன். மணி மூணு அம்பது. பயந்துக்கிட்டு இருந்ததெல்லாம் இப்ப எங்க போச்சுன்னு தெரியல, இந்தி தெரியாததும் வழுக்குறதும் ஒரு பயமா. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. பரணி சொன்ன வக்கீல் நியாயத்தையே வச்சுப் பாப்போம். மாமியார் விடச் சொல்லியிருந்தா அது செல்லாது, நான் இங்கயே உக்காந்து திங்கலாம். அவங்க சொல்லல. நான் சொன்னேன், என் வாயால, நாலு பேரு கேக்க, தடுத்த கையைத் தட்டி விட்டுட்டு. அப்ப அது செல்லும். செல்லுறதை எடுத்துக்கணும்னா கொடுத்த எடத்துக்குத்தான் போகணும், கொடுத்த வாயாலதான் கேக்கணும். அவ தருவாளோ மாட்டாளோ அது அவ இஷ்டம். மாட்டேன்னா சண்டை போடுவேன், எனக்கு அது வரும். பலாவை மட்டும் கேக்கப் போறதில்ல, என் மாமியாரோட நல்ல பேரையும் கேட்டு வாங்கணும், அவங்களை நான் அங்கயேதான் விட்டுட்டு வந்திருக்கேன். படகு ஓடட்டும், பொணம் எரியட்டும், சத்திரத்துல எனக்கு ஒரு மூலை குடுத்தா போதும், நான் உக்காந்து காய் நறுக்குவேன். போறேன். ஆனா கங்கைக்கு முன்னால ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட சொல்லாம அவகிட்ட போயி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கறது. போன் அடிக்குது. அஞ்சு நிமிஷம் முன்னாடியே கூப்பிடுறான்.

“என்னம்மா, பழம் சாப்பிட்டியா?”

“இல்லடா.”

“ஏம்மா? நான் அவ்வளவு சொன்னேன்ல. பாட்டி சொன்னதுக்கெல்லாம் நீ ஏன்...”

“பாட்டி சொல்லலடா பரணி. நான்தான் சொன்னேன். என் வாயால நானே விட்டேன். அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு வேணாம்டின்னு கெஞ்சினாங்க. எல்லாரும் சிரிச்சாங்கன்னு ஒரு வீம்பு எனக்கு. அப்புறம் பழியைத் தூக்கி அவங்க தலையில போட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் ஆபீஸ் சத்தம் கேக்குது, யாரோ யாரையோ கூப்பிடுறாங்க. நான் போனைக் காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். வச்சுடுவான், இப்ப வச்சுடுவான். வைக்கட்டும், வச்சாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

“அம்மா... நான் பாட்டியை... கடைசி வரைக்கும் உள்ளயே போகலியேம்மா.”

“ஆமா. என்னாலதான் போகல.”

“பாட்டிக்குத் தெரியுமா, நான் எதுக்கு வரலன்னு?”

“தெரியும். ஒரு வார்த்தை என்னைக் காட்டிக் குடுக்கல.”

அவன் மூச்சு விடுறது கேக்குது. அழுறானா, கோபமா, எனக்குத் தெரியல. கேக்கவும் இல்ல. குரலைக் கனைச்சுக்கிட்டு, “நானும் ஒண்ணு சொல்லணும்மா”ங்கிறான். “டிக்கெட்டை மத்தியானமே கேன்சல் பண்ணிட்டேன். பழத்தை அனுப்பறதுக்கு முன்னாடியே. உன்கிட்ட முடிவு பண்ணுன்னு சொன்னது சும்மா. எப்படியும் நீ வேணாம்னுதான் சொல்லுவேன்னு நெனச்சேன்.”

அடப்பாவி. ஒரு மணி நேரமா நான் கீரையோட மல்லாடினது இல்லாத டிக்கெட்டுக்கா! கோபம் பொங்கிக்கிட்டு வருது, வந்த வேகத்துல சிரிப்பும் வருது, பிள்ளை யாரைக் கொண்டு பொறந்திருக்கான்னு இனிமே யாரையும் கேக்க வேண்டியதில்ல.

“திரும்பப் போடு”ன்னேன்.

“நாளைக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்மா இருக்கும்.”

“அப்ப நாளன்னிக்குப் போடு. எடமே இல்லைன்னா நான் பொதுப்பெட்டியில ஏறிப்பேன். போறதுன்னு முடிவாச்சுடா, நீ போட்டாலும் போறேன், போடலன்னாலும் போறேன்.”

“முட்டி வலிக்கும்மா.”

“என் முட்டிதானே, வலிக்கட்டும்.”

டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது. எதையோ தட்டுறான். நிறுத்துறான். மறுபடி தட்டுறான்.

“நாளன்னிக்கு இருக்கு”ங்கிறான், குரல் சின்னதாப் போச்சு. “எத்தனை பேருன்னு கேக்குதும்மா.”

“எனக்கு ஒண்ணு”ன்னேன். “உனக்கு வேணுமா வேணாமான்னு நீ சொல்லு. உனக்காக நான் சொல்ல மாட்டேன்.”